129 ஆண்டுகள் ஒரே குடும்பத்தின் கையில்

மதுக்கடையைப் பற்றி நம் சங்க இதழில் எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம் சொல்ல வந்தது மதுவைப் பற்றியல்ல. வாரிசு இல்லாத ஒரு பழைய கடை என்ன ஆயிற்று என்பதைப் பற்றி.

இங்கிலாந்தில் வூஸ்டர்ஷையரில், ஈவ்ஷாம் நகருக்கு அருகே பிரெட்ஃபோர்ட்டன் என்றொரு கிராமம். அங்குள்ள 'ஃப்ளீஸ் இன்' என்னும் பப், 15ஆம் நூற்றாண்டில் பேர்ட் என்ற விவசாயக் குடும்பத்தார் கட்டிய வீடு. மரச் சட்டமும் கூரையும் கொண்ட பண்ணை வீடு. பப் என்றால் குடிக்க மட்டுமல்ல, ஊரார் மாலையில் கூடிப் பேசவும் சாப்பிடவும் உள்ள இடம்.

பண்ணை வீடு கடையானது எப்படி? 1830இல் அந்நாட்டு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வரி செலுத்தும் எந்தக் குடித்தனக்காரரும் 2 கினி கட்டி உரிமம் பெற்றால் தம் வீட்டிலேயே பீர் விற்கலாம். ஜின் சாராயத்தின் கேட்டைக் குறைக்கவும், பெரிய மது ஆலைக்காரர்களின் பிடியைத் தளர்த்தவும் செய்த ஏற்பாடு. ஊருக்கு ஊர் வீடுகள் கடைகளாயின. இந்த வீடும் 1848இல் உரிமம் பெற்று, பீரும், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சைடரும் விற்கத் தொடங்கியது.

அதன் பிறகு கடை வெளியார் கைக்குப் போகவில்லை. கடைசியாக நடத்தியவர் அக்குடும்பத்து வழிவந்த லோலா டாப்ளின் அம்மையார். பல்லாண்டுகள் தனியொருவராகவே கடையைக் கட்டிக்காத்தார். அடுப்படித் தரையில் சூனியக்காரிகள் புகைபோக்கி வழியே இறங்காதிருக்க முன்னோர் போட்ட வெள்ளை வட்டங்களையும் அழியவிடவில்லை. அங்குள்ள வெள்ளீயக் கலவைப் பாத்திரங்களைக் கிராம்வெல்லின் படையினர் விட்டுச் சென்றதாகச் சொல்வார்கள். அது கதையாகவே இருக்கட்டும், பாத்திரங்கள் பழமையானவை.

1977இல் அம்மையார் காலமானார். விற்றிருந்தால் நல்ல விலை வந்திருக்கும். அவரோ பழஞ்சின்னங்களைக் காக்கும் 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்புக்குக் கடையை உயில் எழுதி வைத்திருந்தார். பூட்டிவைத்துக் காட்சிப்பொருளாக்க அல்ல, பப்பாகவே நடத்த. அதிலும் ஒரு நிபந்தனை: உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் விற்கக்கூடாது! கொறிக்கும் சரக்கில்தான் சில்லறை லாபம் என்பது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். கணக்குப்படி பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் தம் கடை எப்படி இருக்கவேண்டும் என்பதை அவர் தெம்பாக இருக்கும்போதே முடிவு செய்து எழுதியும் வைத்தார். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறோம்? பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்விட்ட கடைகள் நம் வீதியிலேயே எத்தனை!

2004 பிப்ரவரியில் கூரையில் தீப்பற்றிக் கட்டடம் பெருஞ்சேதமடைந்தது. பாத்திரங்கள் காப்பாற்றப்பட்டன. டிரஸ்ட் பழைய முறையிலேயே புதுப்பித்து 2005இல் மீண்டும் திறந்தது.

அவ்வட்டாரம் அஸ்பாரகஸ் என்னும் தண்டுக் காய்க்குப் பேர்போனது. நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம்தான். மே மாத இறுதியில் ஃப்ளீஸ் இன்னில் அதைக் கட்டுக்கட்டாக ஏலம் விடுவார்கள். விலையைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. அந்தப் பணம் ஊர் பேண்டு வாத்தியக் குழுவுக்குப் போகிறது.