பிக்கப் வண்டியின் பின்னச்சும் அதன் பழுதுகளும்

விளைபொருளைப் பயிர் செய்வதோடு குடியானவரின் வேலை முடிவதில்லை. அதைக் கெடாமல் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் வேளாண்மையின் ஒரு பகுதியே. முற்காலத்தில் மாட்டுவண்டி செய்துவந்த இவ்வேலையை இப்பொழுது பல கிராமங்களில் பிக்கப் வண்டிகள் செய்கின்றன. மாட்டின் லாடத்தையும் வண்டியின் கடையாணியையும் தினந்தோறும் பார்த்துவந்த குடும்பங்களிற்கூட, மோட்டார் வண்டியின் எஞ்சினையும் டயரையும் கவனிப்பவர்கள் பின்னச்சை மறந்துவிடுகின்றனர். அது வண்டியின் அடியில், மூடிய கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கி ஓடுவதே இதற்குக் காரணம். ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைக்கு இரவில் தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், பழுதுபார்க்கும் செலவோடு அன்றைய விளைச்சலின் விலையும் போய்விடும். ஆனால் பின்னச்சு திடீரென்று கெடுவது அரிது. சப்தத்தாலும், கசிவாலும், நடுக்கத்தாலும் அது பெரும்பாலும் பல நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை செய்கிறது. அவ்வெச்சரிக்கைகளை அறிந்துகொள்வது எளிது.

அமைப்பு

மாட்டுவண்டியில் அச்சு சுழல்வதில்லை. சக்கரங்கள் தனித்தனியே அதன்மீது சுழல்கின்றன. ஆகையால் வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் விரைவாகவும் உட்சக்கரம் மெதுவாகவும் சுழல்வதற்குத் தடையில்லை. மோட்டார் வண்டியிலோ சக்கரங்களை எஞ்சின் சுழற்ற வேண்டியிருக்கிறது. இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் திரும்புவது கடினம். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் இடைவெளியுள்ள வண்டி ஒரு முழு வட்டம் திரும்பினால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 8.8 மீட்டர் அதிகமாக ஓட வேண்டும்.

இந்த வித்தியாசத்துக்கு இடங்கொடுக்கும் கருவியே டிபரன்ஷியல். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் எஞ்சினின் சக்தி கியர் பெட்டியிலிருந்து புரொப்பெல்லர் ஷாப்ட் என்னும் நீண்ட தண்டின் வழியாகப் பின்னச்சுக்கு வருகிறது. அங்கே பினியன் என்னும் சிறு பல்சக்கரம், கிரௌன் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 10 பற்களும் கிரௌனில் 41 பற்களும் இருந்தால், தண்டு 4.1 தடவை சுழலும்போது கிரௌன் ஒரு தடவை சுழலும். வேகம் குறைந்து இழுக்கும் பலம் அதே அளவு பெருகும். கிரௌனோடு சேர்ந்து சுழலும் கூண்டுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்கள், நேர்ப்பாதையில் தம் ஊசியின்மீது சுழலாமல் இரு சக்கரங்களையும் சமமாக ஓட்டுகின்றன. வளைவில் அவை சுழன்று, ஒரு சக்கரத்தை எவ்வளவு தாமதிக்கின்றனவோ அவ்வளவு மற்றதை விரைவுபடுத்துகின்றன.

சேற்றில் சிக்கிய வண்டி

சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஏறக்குறைய சமமான பலத்தையே கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்குச் சேற்றில் பிடிப்பற்றுச் சுழன்றால், கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அந்த அற்பப் பலமே கிடைக்கும். எவ்வளவு ஆக்ஸிலரேட்டர் மிதித்தாலும் வண்டி நகராது. அச்சமயம் சுழலும் சக்கரம் கூண்டைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. வேகமானி 30 கிலோமீட்டர் காட்டினால், அச்சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்பது பொருள். வளைவுகளில் மெதுவாகச் சுழல்வதற்கென்றே அமைந்த சிறு பல்சக்கரங்கள் இவ்வேகத்தில் சூடேறி, ஊசியை அரித்து, சில சமயம் அதோடு ஒட்டிக்கொள்கின்றன.

இதனினும் கெடுதியானது, சுழலும் சக்கரம் திடீரென்று கல்லிலோ வேரிலோ பிடித்துக்கொள்வது. முதல் கியரில் சக்தி 4 மடங்கும் பின்னச்சில் மேலும் 4 மடங்கும் பெருகுமாயின், எஞ்சினின் திருகு பலத்தைப்போல் 16 மடங்கு அச்சுக்கு வருகிறது. சுழற்சி ஒரே நொடியில் தடைப்படும்போது அச்சுத்தண்டோ பினியன் பல்லோ முறிவது இதனாலேயே.

ஆகையால் சக்கரத்தைச் சுழலவிடாமல், பாரத்தை இறக்கி, சக்கரத்துக்கு முன்னுள்ள சேற்றை வெட்டியெடுத்து, கோணிப்பை, தென்னை மட்டை அல்லது பலகையை இட்டு மெதுவாக ஏற்றுதல் வேண்டும். நான்கு சக்கர இழுவையுள்ள வண்டிகளிலும், முன்னச்சையும் பின்னச்சையும் இறுகப் பிணைக்கும் வகையைத் தார் ரோட்டில் பூட்டி ஓட்டலாகாது. வளைவுகளில் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

சப்தங்கள் உணர்த்துவன

வண்டி புறப்படும்போதும், பின்னோக்கிச் செல்லக் கியர் மாற்றும்போதும் "டொக்" என்று கேட்டால், புரொப்பெல்லர் ஷாப்டின் இணைப்புகள் தேய்ந்திருக்கலாம்; பின்னச்சின் பல்சக்கரங்களில் இடைவெளி அதிகமாகியிருக்கவும் கூடும். மெதுவாக ஓடும்போது குருவி கத்துவதுபோன்ற சப்தம், இணைப்பில் கிரீஸ் வற்றியதைக் காட்டும். வேகத்தோடு அதிகரிக்கும் நடுக்கம், தண்டு வளைந்திருப்பதையோ நடுத் தாங்கி தளர்ந்திருப்பதையோ குறிக்கலாம்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, விட்டதும் அடங்கும் சப்தம், அல்லது விட்டபிறகு மட்டும் எழும் சப்தம், கிரௌன், பினியன் அல்லது பினியன் பேரிங் தேய்வின் அடையாளம். மிதித்தாலும் விட்டாலும் மாறாத உறுமல், சக்கரப் பேரிங்கிலிருந்தோ டயரிலிருந்தோ வரக்கூடும். நேராக ஓடும்போது அமைதியாயிருந்து திரும்பும்போது மட்டும் ஒலித்தால், கூண்டுக்குள் உள்ள சிறு பல்சக்கரங்களையும் சக்கரப் பேரிங்குகளையும் சோதித்தல் வேண்டும். எந்த நிலையில் சப்தம் எழுகிறது என்பதைக் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொன்னால், வீண் பிரிப்பும் வீண் செலவும் குறையும்.

எண்ணெயும் கசிவும்

பெரும்பாலான பின்னச்சுகளில் பினியன், கிரௌனின் மையத்துக்குச் சற்றுத் தாழ அமைந்திருக்கிறது. பற்கள் ஒன்றன்மீது ஒன்று அழுத்தமாகச் சறுக்குவதால், அவற்றுக்கு ஜி.எல்.-5 தரமுள்ள தனி எண்ணெய் வேண்டும். எஞ்சின் எண்ணெய் இதற்கு ஏற்றதன்று. ஜி.எல்.-5 எண்ணெயைக் கியர் பெட்டியில் ஊற்றுவதும், வண்டியின் கைப்புத்தகம் அனுமதித்தாலன்றித் தகாது. அதிலுள்ள சில பொருள்கள் அங்குள்ள பித்தளை வளையங்களைக் கெடுக்கக்கூடும்.

ஓடை நீரில் இறங்கும் வண்டிகளுக்கு விசேஷ ஆபத்து உண்டு. சூடான பின்னச்சு திடீரென்று குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகவும் சீல் ஓரங்களிலும் நீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உடனே மாற்றிவிடல் வேண்டும். மூச்சுத்துளை மண்ணால் அடைபட்டிருந்தாலோ, சூட்டினால் உள்ளே அழுத்தம் மிகுந்து எண்ணெய் சீல்களின் வழியே வெளியேறும். சக்கரத்தின் உட்புறம் கசியும் எண்ணெய் பிரேக்கில் படுமாதலால், அதை ஒருநாளும் தள்ளிப்போடலாகாது.

பினியன் சீல் மாற்றும்போது நட்டை மனம்போனபடி இறுக்குவதும் தவறு. சில அச்சுகளில் இறுக்கத்துக்கேற்ப நசுங்கும் வளையம் ஒன்று உண்டு. அது அளவுக்குமேல் நசுங்கினால் பேரிங் விரைவில் எரிந்துபோகும்.

அதிகப் பாரம்

வில் பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்தால் வண்டியின் பின்புறம் தாழாமலிருக்கும். ஆனால் அச்சுத்தண்டும், பேரிங்கும், பல்சக்கரங்களும் பழைய பலத்திலேயே இருக்கும். அன்றியும் பின்புறம் உயர்வதால் புரொப்பெல்லர் ஷாப்டின் கோணம் மாறி, இணைப்புகள் விரைவில் தேயும். பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் வருவதே, ஓட்டுநரும் உட்பட, ஏற்றத்தக்க பாரம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மிகைப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டிருக்கிறது.

கைக்கொள்ள வேண்டுவன

1. வாரம் ஒரு முறை வண்டியின் அடியைப் பார்த்து, புதிய எண்ணெய்க் கறை உண்டா என்று கவனிக்கவும்.

2. எண்ணெய் அளவைச் சமதரையில் பார்க்கவும். பொதுவாக அது நிரப்புந் துளையின் கீழ்விளிம்பு வரை இருத்தல் வேண்டும். அதிகமும் கசிவுக்கே வழி.

3. எண்ணெய் மாற்றும்போது முதலில் நிரப்புந் துளையின் மூடியைக் கழற்றவும். அது வராவிட்டால் பழைய எண்ணெயை வடித்துவிட்டுத் தவிக்க நேரிடும்.

4. காந்த மூடியில் மெல்லிய கருங்குழம்பு ஒட்டியிருப்பது இயல்பு. இரும்புத் துண்டுகள் இருந்தால் வண்டியை ஓட்டலாகாது.

5. பின்டயர் இரண்டும் ஒரே அளவும் ஒத்த தேய்மானமும் உள்ளனவாக இருக்கட்டும்.

6. ஜாக்கியில் ஏற்றுமுன் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, எஞ்சினால் சுழற்றிப் பார்க்கலாகாது. தரையிலுள்ள சக்கரத்துக்கும் பலம் செல்லுமாதலால் வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்து ஆளைக் கொல்லக்கூடும்.

அறுவடைக்கு ஒரு மாதம் முன்னரே பின்னச்சைச் சோதித்து வைப்பது உத்தமம். கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயங்களை வண்டி வைத்திருப்போருக்கும் ஓட்டுவோருக்கும் எடுத்துரைப்பார்களாயின், விளைபொருள் வழியில் அழுகுவதும் விபத்துகள் நேர்வதும் பெரிதும் குறையும்.