தவிடும் தானியமும் – 7: கவிழ்த்த பானை

சோயாப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் இல்லாமல் வீட்டுக்கோழிக்குத் தீவனம் கலக்க இயலுமா என்ற கேள்வியோடு சென்ற வாரம் நின்றது. கம்பும் தவிடும் அங்கேயே பேசப்பட்டுவிட்டதால், இனி புரதம்.

புரதம் எத்தனை விழுக்காடு என்பதைவிட, அது எந்த அமினோ அமிலங்களால் ஆனது என்பதே முதன்மையான கேள்வி. அமினோ அமிலம் என்பது புரதச் சங்கிலியின் கண்ணி. அவற்றுள் லைசின், மெத்தியோனின் ஆகியவற்றைக் கோழியின் உடல் தானே உருவாக்கிக்கொள்ள இயலாது என்பதால், ஒன்று குறைந்தாலும், மற்றவை எவ்வளவு மிகுந்திருந்தாலும், தசையும் இறகும் முட்டையும் அந்தக் குறையின் அளவுக்கே உருவாகும். கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 விழுக்காட்டை எட்டினாலும் இவ்விரண்டும் அதில் குறைவு. ஈரம் பட்டால் அஃப்ளடாக்ஸின் என்னும் பூஞ்சை நஞ்சும் சேரும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தது அத்தகைய புண்ணாக்கினால்தான்.

தச்சநல்லூர் முதலிய தாமிரபரணிப் பாசன ஊர்களுக்கு விடை அடுக்களையிலேயே இருக்கிறது. பிசான நெல் அறுவடைக்குப் பின் வயலில் விளையும் உளுந்தில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. செக்கில் மிஞ்சும் எள்ளுப் புண்ணாக்கில் இது நேர்மாறு. அரிசியின் லைசின் குறையை உளுந்து நிரப்ப, எள் சேர்த்த மிளகாய்ப்பொடி மெத்தியோனினைக் கூட்டும் இட்டிலித் தட்டின் கணக்கே கோழிக்கும் பொருந்துகிறது. செரிமானத்தைத் தடுக்கும் பொருள் பச்சை உளுந்தில் இருப்பதால், குருணையை வறுத்தோ வேகவைத்தோதான் தர வேண்டும்.

ஆயினும் முதல் சில வாரக் குஞ்சின் வேகமான வளர்ச்சிக்கு உயிர்ப்புரதமும் வேண்டும். அங்கேதான் கிராமத்தார் அறிந்த கரையான் பானை வருகிறது. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மட்டை, சருகு ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் நிலத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறுமுன் குஞ்சுகளின் முன் தட்டிவிட வேண்டும். உலர்ந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம் கொண்ட இவ்வுயிர், வேறெந்தக் கால்நடைக்கும் உதவாத குப்பையிலிருந்து அதைச் சேர்க்கிறது என்பது வியப்புக்குரியது. அதனினும் வியப்பு, நம் புற்றுகளைக் கட்டும் ஒடண்டோடெர்மஸ் இனக் கரையான்கள் உழவர்கள் என்பது: தின்ற மட்கைக் கழிவாகப் புற்றினுள் தேன்கூடு போல் அடுக்கி, அதில் ஒரு பூஞ்சையைப் பயிரிட்டு, மரநாரை அதைக் கொண்டே செரிக்கத்தக்கதாக்கி உண்கின்றன. மழைக்குப் பின் புற்றோரத்தில் எழும் புற்றுக்காளான், மக்கள் விரும்பிச் சமைக்கும் அந்தக் காளான், இவ்வயலின் விளைச்சலே. ஆகவே குஞ்சு கொத்தும் ஒவ்வொரு கரையானும் நிலத்தடி வேளாண்மை ஒன்றின் பயன். பூச்சிமருந்து தெளித்த நிலத்தில் மட்டும் பானை வைக்கலாகாது. நஞ்சு குஞ்சின் வயிற்றுக்குச் செல்லும்.

இவ்வாரம் தருவதாகச் சொன்ன கலவை அளவு, எள்ளுப் புண்ணாக்கில் உள்ள ஃபைட்டிக் அமிலம் தீவனத்தின் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்வதால், கிளிஞ்சல் தூளின் கணக்கின்றி முழுமை பெறாது. இரண்டும் அடுத்த வாரம் சேர்ந்தே வரும்.