உங்களுக்குத் தெரியுமா? திண்டுக்கல்லின் கிளிமூக்குச் சேவல்

கிளியைப் போல் வளைந்த குட்டை மூக்கு, விசிறியாக நீளும் வால். அசில் இனத்தைச் சேர்ந்த இந்தக் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்குத் திண்டுக்கல்லில் கண்காட்சியே நடக்கிறது. பல மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வளர்ப்பவர்கள் சேவலோடு வந்து கூடுகிறார்கள். மூக்கின் வளைவு, வாலின் நீளம், நிறம், நிற்கும் கம்பீரம் ஆகியவற்றைப் பார்த்துப் பரிசு தருகிறார்கள். இவை சண்டைக்கு அல்ல, அழகுக்காக வளர்க்கப்படுபவை. சில சேவல்கள் லட்ச ரூபாய்க்கும் மேல் விலை பேசப்படுகின்றன.

பரிசை விட, அங்கே நடக்கும் பேச்சுதான் பெரிய வரவு. எந்தப் பெட்டைக்கு எந்தச் சேவலைச் சேர்க்கலாம், குஞ்சுக்கு என்ன தீனி, வெள்ளைக்கழிச்சல் வராமல் எப்படிக் காப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். குஞ்சு பொரித்து 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் ஆர்2பி தடுப்பூசி: இதைத் தவறவிட்டால், நோய் வந்ததும் பஞ்சாரமே காலியாகிவிடும்.

அசிலின் ரத்தம் கடலும் தாண்டியது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உருவான கார்னிஷ் கோழியின் முன்னோர்களில் அசிலும் ஒன்று. அந்தக் கார்னிஷிலிருந்து வந்ததுதான் இன்றைய பிராய்லர். நம் ஊர் கறிக்கடைக் கூண்டில் இருக்கும் வெள்ளைக் கோழிக்கும் விசிறிவால் சேவல் தூரத்துச் சொந்தம்!