வைத்தியர் ஒருவர் மட்டுமல்ல

குருதிப் புற்றுநோய் என்றதும் பெரிய வைத்தியர் எங்கே என்றுதான் கேட்கிறோம். பிள்ளையை மீட்பவர் அவர் ஒருவரல்லர்.

1962இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் வைத்தியர் டொனால்ட் பிங்கெலின் குழு, சிறுவரிடம் அதிகம் காணப்படும் வகைக்குப் பல மருந்துகளைச் சேர்த்து நீண்டகாலம் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. அதற்குமுன் பிழைத்தவர் மிகச் சிலரே. வசதியுள்ள நாடுகளில் இன்று 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் பிழைக்கின்றனர்.

அம்மருந்துகளில் ஒன்றான வின்கிறிஸ்ரின் நாளத்தினுள் மட்டுமே ஏற்றப்பட வேண்டும். தவறி முள்ளந்தண்டில் ஏற்றினால் உயிர் தப்புவது அரிது. ஆகவே மருந்தாளரும் தாதியரும் மாறிமாறிச் சரிபார்க்கின்றனர். குருதிச் சிறுதட்டுக்கள் பொதுவாக 5 நாட்களே தாங்கும். இரத்த வங்கியினர் நாள் பார்த்துச் சேகரிக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் பிள்ளை ஓடி விளையாடலாம். சிகிச்சையோ 2 முதல் 3 ஆண்டுகள். பெரும்பகுதி வீட்டில் விழுங்கும் குளிசை. இடையில் விட்டால் நோய் திரும்பக்கூடும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் இடறக்கூடியது இங்கேதான்: பஸ்ஸுக்குக் காசில்லை, விதைப்புக் காலம், பிள்ளை சுகமாகத்தானே இருக்கிறது! கூச்சப்படாமல் தாதியிடம் சொல்லுங்கள். சமூகசேவை உத்தியோகத்தரையும் கேளுங்கள்.

வீடு மாறினால் கிளினிக் கொப்பியை முதலில் எடுங்கள். காய்ச்சல் 38 பாகைக்கு ஏறினால் பனடோல் கொடுத்து விடியும்வரை காத்திராமல், அந்த இரவே ஆஸ்பத்திரியில் கொப்பியைக் காட்டுங்கள்.