உங்களுக்குத் தெரியுமா? தீர்ப்பு திறந்துவிட்ட வகுப்பறை

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் காலைதோறும் வழிபாடாக பைபிள் வாசிக்க வைப்பது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 1963-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காடியவர்களில் பென்சில்வேனியாவின் ஷெம்ப் குடும்பமும் உண்டு. மதத்துக்கு எதிரான தீர்ப்பு என்று பலர் கொதித்தார்கள். முழுதாகப் படித்திருந்தால் கொதித்திருக்க மாட்டார்கள்! சமயங்களின் வரலாறு அறியாத கல்வி முழுமையற்றது எனலாம் என்று அதிலேயே எழுதியிருந்தார் நீதிபதி டாம் கிளார்க். கும்பிடச் சொல்வது வேறு, கும்பிடுவதைப் பற்றிப் படிப்பது வேறு. இந்தத் தெளிவு அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத் துணிச்சல் தந்தது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் சமயவியல் துறை பிறந்தது. இன்று அமெரிக்காவில் பல இடங்களில் இளங்கலை மாணவர்கள் இதை முதன்மைப் பாடமாகவோ துணைப் பாடமாகவோ எடுக்கலாம். பக்தரும் நாத்திகரும் அருகருகே அமர்ந்து கீதையையும் குர்ஆனையும் படிக்கிறார்கள்.