பாதரசச் சீராக்கி

திருகோணமலைக்கு வடக்கே, திரியாய்க் கரையில் நிற்பவர்க்குக் கடலலை வருவதும் மீள்வதுமாகத் தோன்றும். ஊருக்குள் திரும்பினால், குளத்து மதகினின்று வயலுக்குச் செல்லும் நீர் ஒரே திசையில் ஓடும். மின்சாரமும் இவ்விரு வகையினது. வந்து மீள்வது ஆடலோட்டம். ஒரே திசையிற் செல்வது நேரோட்டம். இலங்கையில் வீடுகளுக்கு வருவது ஆடலோட்டமே. விநாடிக்கு 50 முறை அது வந்து மீள்கின்றது.

ஆயினும், சில பணிகளுக்கு நேரோட்டமே வேண்டும். மின்கலங்களுக்கு மின்னேற்றுதற்கும், பழைய படமாளிகைகளில் கரிக்கோல்களிடையே எரிந்த வில்விளக்குக்கும் அதுவே உகந்தது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மின்சார ரயிலும் 1500 வோல்ற்று நேரோட்டத்தாலேயே இயங்கிற்று. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் கருவி சீராக்கி எனப்படும். 1902ஆம் ஆண்டில் பீற்றர் கூப்பர் ஹியூவிற் என்னும் அமெரிக்கர் பாதரசத்தைக் கொண்டு ஒரு சீராக்கியை அமைத்தார். பின்னர், உலகின் பல நாடுகளிற் படமாளிகைகளும் மின்சார ரயில்பாதைகளும் அவ்வகைக் கருவியைப் பயன்படுத்தின.

காற்று நீக்கப்பட்ட பெரிய கண்ணாடிக் குடுவையொன்றின் அடியிற் பாதரசம் தேங்கியிருக்கும். குடுவையின் பக்கங்களிற் கைகள் நீண்டிருக்கும். ஒவ்வொரு கையினுள்ளும் ஒரு காரீயத் துண்டு உண்டு. தொடக்கத்தில் ஒரு சிறு முனை பாதரசத்தைத் தொட்டு விலக, பொறி எழும். பொறி பட்ட இடத்திலிருந்து இலத்திரன்கள் என்னும் நுண்ணிய மின்துணிக்கைகள் வெளிப்படும். எழுகின்ற பாதரச ஆவி மின்சாரத்துக்கு வழிவிடும்.

காரீயம் இலத்திரன்களை ஏற்கும். ஆனால், தானாக அவற்றை உமிழாது. ஆதலின், மின்சாரம் ஒரு திசையிற் செல்லலாம். எதிர்த்திசையிற் செல்ல இயலாது. இதுவே அக்கருவியின் உயிர்நிலை. ஒரு கையின் அழுத்தம் தாழும்போது அடுத்த கையின் அழுத்தம் உயரும். இவ்வாறு கைகள் முறைமாற்றிப் பணிபுரிய, ஓட்டம் இடையறாது நிகழும். ஆவி மேலெழுந்து, சோற்றுப்பானை மூடியில் நீராவி துளிப்பதுபோற் குளிர்ந்து, மீண்டும் அடியில் வந்து சேரும். குடுவை முழுவதும் நீல ஒளி வீசும். பாதரசத்தின் மேல் ஓர் ஒளிப்புள்ளி நடனமிடும்.

1954ஆம் ஆண்டிற் சுவீடனிலிருந்து கொத்லாந்துத் தீவுக்குக் கடலடியாக மின்சாரம் சென்றதும் இவ்வகைக் கருவியினாலேயே. அதனை உருவாக்கியவர் ஊனோ லாம். 1960களின் பின்னர்ச் சிலிக்கன் சீராக்கிகள் வந்து இதன் இடத்தைப் பிடித்தன. நியூசிலாந்தின் தீவுகளை இணைத்த மின்வழியில் 2012 வரை இது நிலைத்திருந்தது.

கருவி ஓய்ந்தாலும், அதனுள்ளிருக்கும் நஞ்சு ஓய்வதில்லை. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஆவியாகும். சுவாசித்தால் நரம்பைத் தாக்கும். யப்பானின் மினமாட்டாவில், தொழிற்சாலைக் கழிவோடு கடலிற் கலந்த பாதரசச் சேர்வை மீன்களிற் சேர்ந்து, அவற்றை உண்டோரை முடமாக்கிற்று. அந்நோய் 1956ஆம் ஆண்டிற் புலனாயிற்று. கடலை நம்பி வாழும் ஊர்களுக்கு இது பிறர் கதையன்று. கைவிடப்பட்ட கட்டடத்திலோ பழைய இரும்புக் குவியலிலோ இத்தகைய குடுவை காணப்படின், அதனை உடைத்தலாகாது. கடலிலோ குளத்திலோ எறிதலும் ஆகாது. உடையாமற் காத்து, உரிய அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். உடைந்துவிட்டால், துடைப்பத்தாற் கூட்டாது, சாளரங்களைத் திறந்துவிட்டுச் சிறுவர்களோடு வெளியேறுதலே முதற் கடமை.