சாணை பிடித்தால் மட்டும் போதாது: ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடுக்குள் என்ன கணக்கு?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸுக்குப் பஞ்சமே இல்லை. பாளம் பாளமாக வந்து இறங்கும், மெஷினில் நொறுங்கும், மீன் பெட்டிக்குள் போகும். ஆனால் ஐஸ் மேல் சறுக்க வேண்டும் என்றால்? ஒலிம்பிக் அளவு ஐஸ் ரிங்க் சென்னையில் ஒன்றுகூட இல்லை.

அப்படியிருக்க ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடுக்கும் வட சென்னைக்கும் என்ன சம்பந்தம்? காசிமேட்டிலிருந்து அப்படியே வடக்கே திருவொற்றியூர் போங்கள். இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் வீல்களுக்குப் பெயர்பெற்ற கார்போரண்டம் யுனிவர்சல் ஆலை அங்கேதான் இருக்கிறது. முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டு சேர்ந்து 1954-ல் ஆரம்பித்தது. ஸ்கேட்டிங் பிளேடின் சூட்சுமம் பாதிக்கு மேல் இந்த மாதிரி ஒரு வீலின் விளிம்பில்தான் இருக்கிறது.

ஒரு பிளேடு, இரண்டு விளிம்பு

மீன் வெட்டும் கத்திக்குச் சாணை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து, நடுவில் ஒரே கூர்மையான கோடு வரவைப்பார்கள். ஸ்கேட்டிங் பிளேடு அப்படிக் கிடையாது. அதன் அடிப்பாகம் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். அந்த அகலத்தின் நடுவில் நீளவாக்கில் ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். பள்ளத்தின் இரண்டு கரைகளும்தான் விளிம்புகள்: காலின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று.

உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறாரோ, அந்தப் பக்க விளிம்பு மட்டும் ஐஸைக் கவ்வும். ஸ்கேட்டர் வளைந்து போவது இப்படித்தான். போட்டியில் மதிப்பெண்ணும் இதில்தான் அடங்கியிருக்கிறது. 'லட்ஸ்', 'ஃபிளிப்' என்ற இரண்டு தாவல்களும் டிவியில் பார்க்கும் நமக்கு ஒரே மாதிரி தெரியும். லட்ஸ் வெளி விளிம்பிலிருந்து கிளம்ப வேண்டும், ஃபிளிப் உள் விளிம்பிலிருந்து. மாறிப்போனால் மதிப்பெண் போச்சு.

பள்ளம் எவ்வளவு ஆழம்? ஒரு வட்டத்தின் சிறு துண்டு போல அது வளைந்திருக்கும். பரவலாகப் பயன்படும் அளவுகளில் ஒன்று அரை அங்குல ஆரம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் அகலத்தில் கணக்குப் போட்டால் ஆழம் வெறும் 0.16 மில்லிமீட்டர்தான். ஏ4 தாள் இரண்டை அடுக்கினால்கூட அதைவிடத் தடிமன்! ஆரத்தை எட்டில் மூன்று அங்குலமாகக் குறைத்தால் ஆழம் 0.21 ஆகும். வித்தியாசம் ஒரு தலைமுடி அளவு. ஆனால் கால் உடனே சொல்லிவிடும். ஆழம் கூடினால் பிடிப்பு கூடும், வேகம் குறையும். ஆழம் குறைந்தால் நன்றாக வழுக்கும், ஆனால் சாயும்போது பிடிப்பு போதாது.

படகு மாதிரி அடி

பக்கவாட்டில் பார்த்தால் இன்னொரு வளைவு தெரியும். பிளேடின் அடி நேர்கோடு இல்லை, படகின் அடி மாதிரி லேசாக வளைந்தது. இதை 'ராக்கர்' என்கிறார்கள். வழக்கமான ஆரம் 7 அடி அல்லது 8 அடி. 25 செ.மீ. நீள பிளேடில், நடுப்பகுதி தரையைத் தொட்டால் இரு முனைகளும் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும், அவ்வளவுதான். முன்பாதத்துக்குக் கீழே மட்டும் வளைவு இன்னும் கூடுதல். ஒரே இடத்தில் பம்பரமாகச் சுழல உதவுவது அந்தச் சின்ன இடம்.

அதற்கும் முன்னால் ரம்பப் பல் மாதிரி இருப்பது 'டோ பிக்'. புதிதாகப் பழகுபவர்களைக் குப்புற விழவைப்பதும் இதுதான். ஆனால் லட்ஸ், ஃபிளிப் போன்ற தாவல்களில் இதைக் குத்தித்தான் மேலே எழும்ப முடியும். இறங்குவது பின்பக்கமாகப் போகும் வெளி விளிம்பில், ஒற்றைக் காலில். உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த 4 மில்லிமீட்டர் இரும்பு மேல் இறங்குகிறது.

சாணை தப்பினால்?

பிளேடு தேயத் தேயத் திரும்பக் கிரைண்ட் பண்ண வேண்டும். முதலில் வைர முனையால் வீலின் விளிம்பை வளைவாகச் செதுக்குவார்கள். அந்த வளைவின் ஆரம்தான் அப்படியே பிளேடில் பள்ளமாகப் பதியும். பிறகு பிளேடை வீலின் மேல் நீளவாக்கில் ஒரே சீராக இழுக்க வேண்டும்.

தப்பு நடக்க இடம் நிறைய. வீல் நடுவிலிருந்து துளி விலகினால் ஒரு விளிம்பு உயரமாகவும் இன்னொன்று தாழ்ந்தும் போய்விடும். நேராக நிற்கிறோம் என்று நினைப்பவர் தெரியாமலே சாய்ந்திருப்பார். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறி, கடினப்படுத்திய எஃகு இளகிவிடும். ராக்கர் வளைவை ஒருமுறை தட்டையாக்கிவிட்டால் பழையபடி கொண்டுவருவது கஷ்டம். விலை உயர்ந்த பிளேடு, அஜாக்கிரதையான சில நிமிடங்களில் வீண். அதனால்தான் விஷயம் தெரிந்த ஸ்கேட்டர்கள் சாணைக்காரரை மாற்றவே யோசிப்பார்கள். வேலை முடிந்ததும் விளிம்புகளுக்குக் குறுக்கே ஒரு நேரான தகட்டை வைத்து, இரு பக்கமும் சமமா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள்.

ஷெஃபீல்டும் திருவொற்றியூரும்

உலகின் பெயர்பெற்ற ஃபிகர் பிளேடுகளில் பல, இங்கிலாந்தின் இரும்பு ஊரான ஷெஃபீல்டிலிருந்து வருபவை. அங்குள்ள ஜான் வில்சன் நிறுவனம் தன் தொடக்கத்தை 1696 என்கிறது. கத்தி, கத்தரிக்கோல் செய்து பழகிய கைகள்தான் பனிச்சறுக்குக்கும் பிளேடு செய்தன.

அந்த மாதிரிக் கைப்பழக்கம் வட சென்னைக்கும் புதுசு இல்லை. திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட்டும், எண்ணூரில் அசோக் லேலண்டு லாரியும் உருவான பட்டறைப் பூமி இது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பார்த்து கிரைண்ட் செய்வது இங்குள்ள டூல் ரூம்களுக்கு அன்றாட வேலை. ஆக, தடை இரும்பில் இல்லை, ஐஸில்தான். நாட்டின் பெரிய உள்ளரங்க ரிங்க் டேராடூனில் 2011-ல் திறந்து, பல வருடம் பூட்டிக்கிடந்து, 2025-ல்தான் மறுபடி உயிர்பெற்றது. இந்தியாவின் ஃபிகர் ஸ்கேட்டிங் தேசிய சாம்பியனான தாரா பிரசாத் தமிழ்ப் பெற்றோரின் மகள். பிறந்து, ஸ்கேட்டிங் பழகியது அமெரிக்காவில்.

சென்னையில் வளர்ந்தது சக்கரம்தான். 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1,000 மீட்டரில் தங்கம் வென்ற ஆனந்த்குமார் வேல்குமார் சென்னைக்காரர். அவர் ஓடியது இன்லைன் சக்கரத்தில். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கும் இன்லைன் உண்டு: நடுச் சக்கரங்கள் சற்றே தாழ்ந்து ராக்கர் வளைவைக் காட்டும், டோ பிக்குக்குப் பதில் முன்னால் ஒரு ரப்பர் முனை இருக்கும். அந்தப் பள்ளமும் இரண்டு விளிம்பும் மட்டும் கிடைக்காது. சென்னையில் ஆசைப்படுபவருக்கு இப்போதைக்குக் கைக்கெட்டும் வழி அதுதான்.